உயர்தொப்பியின் பளபளப்பு

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றான அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் கறுப்புத் தொப்பி ஒன்று போற்றிக் காக்கப்படுகிறது. குழாயை நிமிர்த்தி வைத்தாற்போல நேராக உயர்ந்து, உச்சி தட்டையாகவும் அடியில் வளைந்த விளிம்புடனும் அமைந்த தொப்பி அது. ஆங்கிலத்தில் இதனை டாப் ஹேட் என்பர். தமிழில் உயர்தொப்பி எனலாம். ஏறத்தாழ 7 அங்குல உயரமுள்ள இத்தொப்பியை அணிந்தவர் ஆபிரகாம் லிங்கன். இயல்பாகவே 6 அடி 4 அங்குல உயரமுடைய அவர், இதனை அணிந்தால் ஏழடியை நெருங்கிவிடுவார். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, ஃபோர்டு நாடக அரங்கிற்குச் சென்றபோது அவர் இத்தொப்பியையே அணிந்திருந்தார். அரங்கில் அவர் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் நீத்தார்.

தொப்பியைச் சுற்றி அகலமான கறுப்புப் பட்டை ஒன்று காணப்படுகிறது. அஃது அழகுக்காகச் சுற்றப்பட்டதன்று. லிங்கனின் மகன் வில்லி, 1862ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தன் 11ஆம் அகவையில் காய்ச்சலால் இறந்தான். அம்மகனின் நினைவாகத் தந்தை தம் தொப்பியில் சேர்த்துக்கொண்ட துக்கப் பட்டை அது. நாடே போரில் மூழ்கியிருந்த காலம். குடியரசுத் தலைவர் அழுதுகொண்டிருக்க இயலாது. ஆனால், அவர் தலையில் இருந்த தொப்பி அவர் துக்கத்தில் இருப்பதைக் காண்போர்க்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

இத்தொப்பியைப் போன்ற நகல் தொப்பிகளைப் பலர் செய்கின்றனர். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் வரலாற்று விழாக்களுக்கும் பள்ளிக் கண்காட்சிகளுக்கும் அவை தேவைப்படுகின்றன. வடிவத்தை அளந்து செய்துவிடுவது கடினமன்று. பட்டையையும் சுற்றிவிடலாம். ஆயினும், பெரும்பாலான நகல்களில் அப்பட்டை கண்ணுக்கே தெரிவதில்லை. கறுப்புத் தொப்பியின்மேல் கறுப்புப் பட்டை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடுகின்றன. லிங்கன் காலத்துத் தொப்பியில் அவ்வாறு நேரவில்லை. ஏனெனில், அக்காலத்து உயர்தொப்பி பளபளக்கும் கறுப்பு. பட்டையோ அவ்வாறு பளபளக்காத கறுப்பு. பளபளப்பு இல்லையேல் துக்கமும் தெரியாது. ஆகவே, நகல் செய்பவர் முதலில் விடை காண வேண்டிய வினா இதுதான்: அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது?

ஒளி செய்யும் வேலை

மாணவர்களே, வீட்டில் வெல்வெட் துணி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதனை உள்ளங்கையால் ஒரு திசையில் தடவுங்கள். பின்னர் எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் இருண்டும் தோன்றும். துணி ஒன்றே, நிறமும் ஒன்றே. மாறியது நூலிழைகள் சாய்ந்திருக்கும் திசை மட்டுமே.

வெல்வெட்டின் மேற்பரப்பில் எண்ணற்ற குட்டை இழைகள் புல்வெளியைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின்மேல் விழும் ஒளி இழைகளுக்கு இடையே புகுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. அதனால்தான் கறுப்பு வெல்வெட் ஆழ்ந்த இருளாகத் தெரிகிறது. உயர்தொப்பிக்குப் பயன்பட்ட பிளஷ் என்னும் பட்டுத்துணி வெல்வெட்டின் உறவினமே. ஆனால், அதன் இழைகள் நீளமானவை. நீளமாயிருப்பதால் அவை நிற்பதில்லை. காற்றில் சாய்ந்த நெற்பயிரைப் போல ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கின்றன. ஆயிரமாயிரம் இழைகள் ஒன்றுக்கொன்று இணையாகப் படியும்போது, அவை யாவும் சேர்ந்து ஒரு கண்ணாடியைப் போல ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகின்றன. பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவினது என்பதும் இதற்குத் துணை செய்கிறது. பட்டுப் பாவாடை ஒவ்வொரு அசைவிலும் மின்னுவதற்கும் இதுவே காரணம்.

எண்ணெய் தடவிப் படிய வாரிய கூந்தலைப் பாருங்கள். தலையைச் சுற்றி ஓர் ஒளி வளையம் தெரியும். தலையைத் திருப்பினால் அவ்வளையமும் நகரும். அதே கூந்தல் கலைந்து பரட்டையாகிவிட்டால் வளையம் மறைந்துவிடுகிறது. கூந்தலின் நிறம் எங்கும் போய்விடவில்லை. இழைகளின் ஒழுங்குதான் போயிற்று. உயர்தொப்பியின் பளபளப்பு முழுவதும் இந்த ஒழுங்கில் அடங்கியிருக்கிறது. இதனை உணராதவர் பளபளப்பைப் பூச்சுக் குப்பியில் தேடுவர்.

பீவரிலிருந்து பட்டுக்கு

உயர்தொப்பி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றியது. தொடக்கத்தில் அது பட்டால் ஆனதன்று. பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மென்மயிரைக் கொண்டு செய்யப்பட்டது. அம்மயிரில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் பட்டால் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நெய்யாமலேயே திண்ணிய துணியாகிவிடும். இத்துணிக்கு ஃபெல்ட் என்று பெயர். மழைக்கும் அசையாத நல்ல ஃபெல்ட் பீவர் மயிரிலிருந்தே கிடைத்தது. அதற்காக ஐரோப்பாவில் அவ்விலங்கு ஏறக்குறைய அழியும்வரை வேட்டையாடப்பட்டது. பிறகு வணிகர் வட அமெரிக்காவை நாடினர். 1670ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் செல்வம் பெரும்பாலும் இம்மயிர்த்தோல்களால் வந்ததே.

பீவர் மயிர் விலையேறியபோது முயல் மயிரைப் பயன்படுத்தினர். அது எளிதில் பிணையாது. எனவே, பாதரசம் கலந்த கரைசலைத் தடவிப் பதப்படுத்தினர். அதன் நச்சாவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்க்குக் கைகால் நடுக்கம் கண்டது, பேச்சுக் குழறியது, சிலர்க்கு மனமும் கலங்கியது. தொப்பிக்காரனைப் போலப் பித்துப் பிடித்தவன் என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. அதனைக் கேட்டுச் சிரித்தவர்கள், அந்தத் தொழிற்கூடங்களில் ஒருநாளும் வேலை செய்யாதவர்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசப் பயன்பாடு 1941ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. பழைய ஃபெல்ட் தொப்பிகளில் அந்நஞ்சு இன்றும் தங்கியிருக்கக்கூடும். ஆதலால், அவற்றைப் பழுதுபார்ப்போர் கையுறை அணிந்தே தொடுகின்றனர்.

19ஆம் நூற்றாண்டில் பட்டுப் பிளஷ் வந்ததும் நிலைமை மாறியது. விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் பட்டு உயர்தொப்பி அணியத் தொடங்கியதும் அது எங்கும் பரவியது. பீவர் இனம் பிழைத்ததில் பட்டுப்புழுவுக்கும் பங்குண்டு.

மரத்திலிருந்து வந்த உறுதி

பட்டுத்துணி தானாக நிமிர்ந்து நிற்காது. அதற்கு உள்ளே ஒரு கூடு வேண்டும். அக்கூட்டிற்கு உறுதி தந்த பொருள் நம் நாட்டுக்காரர்க்கு மிகவும் அறிமுகமானது. அதுதான் அரக்கு. பாண்டவரை எரிக்கக் கௌரவர் கட்டியதாகப் பாரதம் கூறும் அரக்கு மாளிகையும், தபால் உறையின்மேல் வைக்கும் அரக்கு முத்திரையும், பொற்கொல்லர் நகையின் உட்குழிவில் நிரப்பும் அரக்கும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

அரக்குப்பூச்சி மிகச் சிறியது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரக்கிறது. சார்க்கண்டு, சத்தீசுகர் மாநிலங்களின் காட்டுப் பகுதி மக்கள் அக்கிளைகளை வெட்டிச் சுரண்டி எடுக்கின்றனர். இராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டு முதல் அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் இயங்கி வருகிறது. சார்க்கண்டில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் அவ்வழியே சென்றிருக்கவும் கூடும். பழைய முறைப்படி, தூய்மை செய்த அரக்கை நீண்ட துணிப்பையில் இட்டு நெருப்பின்முன் உருக்கிப் பிழிவர். அது சூடாக இருக்கும்போதே தொழிலாளி ஒருவர் கைகளாலும் கால்களாலும் பற்றி இழுத்து, கண்ணாடிபோன்ற மெல்லிய தகடாக விரிப்பார். தகடு ஆறியதும் செதில் செதிலாக உடைக்கப்படும். இந்தச் செதில்கள் கப்பலேறிச் சென்று ஐரோப்பியத் தொப்பிக்காரரின் கொப்பரையில் கரைந்தன.

அவர்கள் பருத்தித் துணியை அரக்குக் கரைசலில் தோய்த்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தினர். நன்கு காய்ந்தபின் அதனை மர அச்சின்மேல் போர்த்திச் சூடான இரும்பால் தேய்த்து வடிவம் கொடுத்தனர். உயர்தொப்பியின் இடை குறுகியும் உச்சி விரிந்தும் இருக்கும். அச்சு ஒரே கட்டையாக இருந்தால் வெளியே எடுக்க இயலாது. எனவே, ஐந்து துண்டுகளாக அச்சைச் செய்து, நடுத்துண்டை முதலில் உருவிப் பின் மற்றவற்றை எடுத்தனர். சில தொப்பிகளில் துணிக்கு மாற்றாகத் தாள் பயன்பட்டது. லிங்கனின் தொப்பிக்கு மூலப்பொருள்களாக அருங்காட்சியகம் குறித்திருப்பவை பட்டும் தாளுமே.

கூடு அமைந்தபின் அதன்மேல் பிளஷ் ஏற்றப்படும். இங்கும் அரக்கே துணை. ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரக்கு இளகும். பட்டைப் போர்த்தி மேலே சூடான இரும்பை ஓட்டினால், அடியிலுள்ள அரக்கு உருகிப் பட்டைப் பற்றிக்கொள்ளும்; ஆறினால் இறுகிவிடும். பக்கத்துணியைச் சாய்வாக வெட்டி, இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பொருந்தச் செய்து, இழைகளை அந்த இணைப்பின்மேல் வாரிவிடுவர். கைதேர்ந்தவர் செய்த தொப்பியில் இணைப்பு எங்கே என்று தேடினாலும் அகப்படாது. அதன்பின் மென்தூரிகை, சிறிதளவு ஈரம், இளஞ்சூட்டு இரும்பு, வெல்வெட் திண்டு ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒரே திசையில் தேய்த்து ஒளி வரச் செய்வர். உச்சித் தட்டில் மட்டும் இழைகள் நீர்ச்சுழியைப் போல வட்டமாகச் செல்லும். மழையில் நனைந்து ஒளி மங்கிய தொப்பியை வாடிக்கையாளர் கடைக்கே கொண்டுவந்து தேய்த்து வாங்கிச் செல்வதும் உண்டு. பளபளப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிடைக்காத துணி

தொப்பிக்குரிய சிறந்த பிளஷ் பிரான்சு நாட்டின் லியோன் நகரத் தறிகளில் நெய்யப்பட்டது. ஆண்கள் உயர்தொப்பி அணியும் வழக்கம் குறைந்தது. துணிக்குத் தேவையும் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்நெசவே நின்றுபோயிற்று. அத்தகைய துணியைப் புதிதாக வாங்க இன்று வழியில்லை. பழைய பட்டுத் தொப்பிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு விற்போர் இருக்கின்றனர். அவற்றில் பெரும்பாலானவை சிறிய தலைக்கு உரியவை. பெரிய அளவில் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் விலையைக் கேட்கவே தயங்க வேண்டும்.

ஆகவே, நகல் செய்வோர் வேறு துணியால் அந்த ஒளியை வரவழைக்க வேண்டியுள்ளது. சாட்டின் துணி மின்னும். ஆனால், அதில் மயிரிழை இல்லாததால் அதன் மினுக்கம் தட்டையாக இருக்கும். சுற்றிலும் ஓடும் ஒளி வளையம் வராது. செயற்கை இழையாலான பிளஷ் பொம்மைக் கரடியை நினைவூட்டும். சூடான இரும்பு பட்டால் அது உருகியும் போகும். ஆட்டுமயிரால் ஆன மலிவான ஃபெல்ட் எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே இருக்கும். இவற்றைக் காட்டிலும் நீண்ட மயிர் விட்டுச் செய்யப்படும் முயல்மயிர் ஃபெல்ட் நெருங்கி வருகிறது. மெலுசின் என்று தொப்பிக்காரர் அழைக்கும் இவ்வகையில் இழைகள் படிந்து கிடக்கும் அளவுக்கு நீளமானவை. பட்டின் ஒளியை அது முழுதாகத் தராது. ஆனால், நேர்மையான ஒளியைத் தரும்.

குட்டை மயிர் ஃபெல்ட் தொப்பிதான் கையில் இருக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பில் தாறுமாறாக நிற்கும் இழைகளை மிக நுண்ணிய உப்புத்தாளால், அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்து அகற்ற வேண்டும். பின்னர்த் தூசியைத் துலக்கிவிட்டுக் கொதிகெண்டியின் ஆவியைச் சற்றுத் தொலைவிலிருந்து காட்ட வேண்டும். ஆவி பட்டதும் இழைகள் இளகும். அந்த நேரத்தில் மென்தூரிகையால் படிய வாரி, மேலே மெல்லிய பருத்தித் துணியை வைத்து, இளஞ்சூட்டு இரும்பை மெதுவாக ஓட்ட வேண்டும். இரும்பை முதலில் வெள்ளைத் துணியில் வைத்துப் பார்ப்பது நல்லது. துணி பழுப்பேறினால் தொப்பியும் கருகும். இறுதியில் வெல்வெட் திண்டால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். மரபுவழித் தொப்பிக்காரர் அத்திண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய்ப் பசை வைத்திருப்பர். ஒரே நாளில் ஒளி வந்துவிடாது. உலரவிட்டு, மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்.

திசை மாறாமை இங்கு எல்லாவற்றிலும் முதன்மையானது. பத்துமுறை வலமாக வாரியதை ஒருமுறை இடமாகத் தேய்த்துக் கெடுத்துவிடலாம். ஈரம் மிகுந்தாலும் தீங்குதான். அரக்கு நீரை உறிஞ்சினால் வெண்மை படரும். கூடு தளர்ந்து தொப்பி சரியும். கறை போக்குவதற்காகச் சாராயக் கரைசலால் துடைத்தாலோ அரக்கே கரைந்துவிடும்.

பொறுமை இல்லாதோர் நாடும் குறுக்குவழி ஒன்று உண்டு. மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிசையோ, கூந்தலில் தெளிக்கும் பசையையோ தொப்பியின்மேல் தெளித்துவிடுவர். அன்று மாலை தொப்பி கண்ணைப் பறிக்கும். மறுநாள் பார்த்தால் இழைகள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டிருக்கும், தூசி படியும், தூரிகை உள்ளே நுழையாது. அதைவிடப் பெருங்குறை வேறொன்று. பூச்சு தந்த ஒளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். அணிந்தவர் தலையைத் திருப்பினாலும் அசையாது. அது மழைக்காலணியின் பளபளப்பே தவிரப் பட்டின் பளபளப்பன்று.

எவ்வளவு பளபளப்பு?

லிங்கனின் தொப்பிக்கு நகல் செய்பவர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டன் சீமான்களின் தொப்பி ஒரு மயிரிழையும் கலையாமல் மின்னியது. லிங்கன் அத்தகையவர் அல்லர். இளமையில் நியூ சேலம் என்னும் சிற்றூரில் அஞ்சலக அலுவலராக இருந்தபோது, ஊராரின் கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று கொடுத்தவர் அவர். வழக்கறிஞரான பின்னும் முக்கியமான தாள்களைத் தொப்பிக்குள் வைக்கும் பழக்கம் அவரை விடவில்லை. மேசை இழுப்பறை செய்யும் வேலையைத் தொப்பி செய்தது. நாளில் பலமுறை கழற்றி, கவிழ்த்து, தாளைத் தேடி, மீண்டும் அணியும் மனிதரின் தொப்பியில் இழைகள் எப்படிச் சீராகப் படிந்திருக்கும்?

எனவே, கடையிலிருந்து அப்போதே வந்ததுபோல் மின்னும் தொப்பியும் அவருக்குப் பொருந்தாது. ஒளியே இல்லாத கரித்தொப்பியும் பொருந்தாது. நல்ல நகல் செய்பவர் முதலில் முழு ஒளியையும் வரவழைப்பார். அதன்பின் விளிம்பின் முன்பகுதியிலும், கழற்றும்போது விரல் படும் இடங்களிலும் கையால் சற்றே கலைத்துவிடுவார். முதலில் ஒழுங்கு இருந்தால்தான் கலைந்தது கலைந்ததாகத் தெரியும்.

உண்மைத் தொப்பியின் பின்வரலாறும் அறியத்தக்கது. அரங்கில் எஞ்சிய பொருள்களைப் போர்த்துறை காத்தது. லிங்கனின் மனைவியார் இசைவுடன் தொப்பி காப்புரிமை அலுவலகத்திற்குச் சென்றது. 1867ஆம் ஆண்டு ஸ்மித்சோனியனை வந்தடைந்தது. மக்களின் உணர்ச்சிக் கொந்தளிப்பு அடங்காத காலமாதலால், அதனை யார்க்கும் காட்டக் கூடாதென அங்கிருந்த செயலர் ஜோசப் ஹென்றி கட்டளையிட்டார். 1893 வரை பொதுமக்கள் அதனைக் காணவில்லை. பட்டு ஒளியால் நலிவடையும் பொருள். ஒளியைத் திருப்பி அனுப்புவதற்காகவே செய்யப்பட்ட துணியை இன்று ஒளியிலிருந்து காக்க வேண்டியிருக்கிறது.

நகலுக்குத் திரும்புவோம். துக்கப் பட்டையை எப்போது சுற்ற வேண்டும்? தேய்ப்பு, வாரல், மெருகு ஆகிய அனைத்தும் முடிந்த பின்னரே சுற்ற வேண்டும். பட்டை மறைக்கப்போகும் இடம்தானே என்று அப்பகுதியைத் தேய்க்காமல் விட்டால், பட்டையின் ஓரத்தில் இழைகள் சிலிர்த்து நின்று எல்லைக்கோட்டை மங்கச் செய்யும். பட்டையில் படிய வேண்டிய மயிரிழை எதுவும் இல்லை. அதனால், அதன்மேல் இரும்போ எண்ணெய்த் திண்டோ படவே கூடாது. சுருக்கமின்றி இறுகச் சுற்றி, முனையை உள்மடித்துச் சில தையல்களால் நிறுத்திவிட்டு, தொப்பியைச் சன்னலருகே கொண்டுசென்று மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஒளி நகர, நடுவே அந்த அகன்ற கறுப்பு மட்டும் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது.